ஒரு மரம் விழுந்தால் ஆறு துறை: நீலகிரியின் பேரிடர் ஒருங்கிணைப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுவது செய்தியே இல்லை. ஆனால் அந்த ஒரு மரத்தை வைத்தே நீலகிரியின் பேரிடர் மேலாண்மையை விளக்கிவிடலாம். இரவு பத்து மணிக்கு, பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில், கற்பூர மரம் ஒன்று மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு ரோட்டில் விழுகிறது என்று வையுங்கள். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. மரம் நின்ற மேட்டு நிலம் வனத்துறையுடையது. கம்பி மின்வாரியத்தினுடையது. மரம் அறுக்கும் பவர் சா தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நிற்கும் பஸ்களையும் லாரிகளையும் திருப்பிவிட வேண்டியது போலீஸ். ‘ரோடு எப்போது திறக்கும்’ என்று மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது வருவாய்த் துறை.

இதில் முதலில் கை வைக்க வேண்டியவர் லைன்மேன். அவர் சப்ஸ்டேஷனில் பேசி, கம்பியில் வேலை செய்யலாம் என்ற ‘எல்.சி.’ (லைன் கிளியர்) அனுமதி வாங்கி, சப்ளை நின்றதை உறுதிசெய்து, கம்பிக்கு எர்த் கொடுத்த பிறகுதான் ரம்பம் மரத்தைத் தொடலாம். சப்ளையை நிறுத்தினாலும் பக்கத்து ரிசார்ட்டின் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வர வாய்ப்புண்டு. அதனால் எர்த் இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. லைன்மேனோ பல நேரம் மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார். அறுத்து முடித்தாலும் வேலை தீராது. வேரோடு பெயர்ந்து வந்த மண்ணை ஜேசிபி எந்தப் பக்கம் தள்ளுவது? கீழே தள்ளினால் அடுத்த வளைவில் அதே ரோட்டின் மேல்தான் போய் விழும். ஓரத்துக் கால்வாயில் தள்ளினால் மழைத் தண்ணீர் ரோட்டில் ஏறி, கரையை அரித்து, விடிவதற்குள் இன்னொரு சரிவைக் கொண்டுவரும். அறுத்த கட்டைகளுக்கு வனத்துறையில் கணக்கு எழுத வேண்டும். அதற்குள் கீழே கல்லாறு பக்கம் வண்டிகளை நிறுத்திக் கோத்தகிரி வழியாகத் திருப்ப வேண்டும். மேட்டுப்பாளையமோ கோவை மாவட்டம். ஆக, ஆறு துறைகளோடு இன்னொரு மாவட்டமும் சேர்ந்துகொள்கிறது.

மேலாண்மைப் படிப்பில் ‘நிறுவன மீள்திறன்’ என்று பெரிதாகச் சொல்வதை நான் இந்த மலையில் ஒரே ஒரு அளவுகோலால்தான் அளப்பேன்: இந்த ஆறு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா? கருவி வாங்கலாம், படையை வரவழைக்கலாம். காத்திருப்பைக் குறைக்க, துறைகள் மழைக்கு முன்பே ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும்.

ஒரே மாவட்டம், இரண்டு மழை

நீலகிரியைப் பொறுத்தவரை மழைக்காலம் இரண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சிப் பக்கத்தை நனைக்கும். அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் திரும்பும். ஆக, ஆண்டில் ஏழு மாதம் மாவட்டத்தின் ஏதாவது ஒரு முனை ஆபத்தில் இருக்கும். அடியில் சார்னோகைட் பாறை. அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்கு இற்றுப்போன செம்மண்ணும் களிமண்ணும். தண்ணீர் இந்த மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் அழுத்தம் ஏறினால், சரிவு தன் பாரத்தாலேயே கழன்றுவிடும். செங்குத்தாக மலையை வெட்டி வீடு கட்டியிருந்தாலும், பழைய ஓடையை மூடியிருந்தாலும் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

1978 நவம்பரில் குன்னூரைச் சுற்றி நடந்த சரிவுகள், 1990-இல் கெத்தை, 1993 நவம்பரில் மரப்பாலம் எனப் பெரியவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், ஆண்டைச் சொல்லிவிடுவார்கள்.

மழையின் அளவில் 2009 நவம்பர் இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. நவம்பர் 10 அன்று பதிவான கணக்கில் கேத்தியில் மட்டும் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர். ஊட்டியில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலை ரயில் பாதை சிதைந்தது, சாலைகள் அறுந்தன.

அந்த நேரத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. மாவட்டத்துக்கு ஓர் ஆணையம், அதற்கு ஆட்சியர் தலைவர், மக்கள் பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவர் என்று அது வகுத்தது. ஆனால் அதன் 25-ஆவது பிரிவில் பதவிவழி உறுப்பினராகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட துறைத் தலைவர்கள் இருவர்தான்: காவல் கண்காணிப்பாளர், மாவட்ட மருத்துவ அலுவலர். மற்ற துறைகளிலிருந்து அதிகபட்சம் இரண்டு அலுவலர்களை மாநில அரசு சேர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மரத்துக்கு வேண்டிய வனத்துறை, நெடுஞ்சாலை, மின்வாரியம், தீயணைப்பு நான்கும் அந்த இரண்டு நாற்காலிக்குள் அடங்காது. சமவெளி மாவட்டத்தில் இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். பாதிக்கு மேல் காடாக உள்ள நீலகிரியில் வனத்துறை இல்லாமல் ஒரு ரோட்டையும் திறக்க முடியாது. எனவே சட்டம் கொடுத்த கூட்டைத் தாண்டி மாவட்டம் தனக்கென்று ஓர் ஏற்பாட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான பிடிமானமும் அதே சட்டத்தில் இருந்தது. 34-ஆவது பிரிவின்படி, ஆபத்து நேரத்தில் எந்தத் துறையிடம் உள்ள பொருளையும் ஆளையும் பயன்படுத்த உத்தரவிடவும், போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும், இடிபாடுகளை அகற்றவும் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

283, 42, 456

இப்போது ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் மூன்று எண்கள் தவறாமல் வரும். அபாயகரமான பகுதிகள் 283. மண்டலக் குழுக்கள் 42. தயார் நிலையில் உள்ள நிவாரண முகாம்கள் 456. வழக்கமான அரசு அறிக்கை என்று கடந்துபோவார்கள். ஆனால் இந்த மூன்றில் நடுவில் உள்ள எண்ணில்தான் விஷயம் இருக்கிறது.

283 என்பது இடங்களின் பட்டியல், 456 கட்டடங்களின் பட்டியல். 42 மட்டும்தான் ஆட்களின் பட்டியல். வருவாய், காவல், தீயணைப்பு, நெடுஞ்சாலை, உள்ளாட்சி, சுகாதாரம் என்று பல துறை ஆட்களை ஒரு பகுதிக்குச் சேர்த்துக் கட்டிய குழுக்கள் அவை. துறை வாரியாக மேலே போய்க் கீழே வந்த உத்தரவுகள் இங்கே இடம் வாரியாகப் பக்கவாட்டில் ஓடுகின்றன. குந்தாவில் ரோடு அடைத்தால், அங்கே இருக்கும் நெடுஞ்சாலை ஆய்வாளர் ஊட்டியில் உள்ள தன் மேலதிகாரி வழியாக மின்வாரியத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. அதே குழுவில் உள்ள உதவிப் பொறியாளரின் செல் நம்பர் அவரிடம் இருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே குழு முறையைக் காப்பாற்ற வேண்டும் என்பேன்.

இந்த முறைக்கு இன்னொரு வலுவான காரணம் தூரம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. ஊட்டிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். ரெட் அலர்ட் வந்தவுடன் முன்கூட்டியே குழுக்களை மலைக்கு அனுப்பி நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது, நல்ல வழக்கம். ஆனால் மலை மேல் ஏறும் வழிகளே கைவிரலில் எண்ணக்கூடியவை. குன்னூர் மலைப்பாதை, கோத்தகிரிப் பாதை, மஞ்சூர்–கெத்தை வழி, கூடலூர்ப் பக்கம் மைசூரும் கேரளமும். இவற்றில் இரண்டு அடைத்தாலே வரவேண்டிய படை அடிவாரத்தில் நிற்கும். முதல் ஆறு மணி நேரம் என்பது உள்ளூர்க்காரர்களின் நேரம்.

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் காட்டேரியை ஒட்டிய நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோதும் அதுதான் தெரிந்தது. வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருந்தும் முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். வீட்டிலிருந்த போர்வைகளைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அது இயற்கைப் பேரிடர் இல்லை. ஆனால் முதல்நிலை மீட்பாளர்கள் என்ற பெயரில் கிராமத்து ஆட்களைப் பட்டியலிட்டுப் பயிற்சி கொடுப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்காது.

முகாமின் சாவி யாரிடம்?

456 முகாம்களில் பெரும்பாலானவை பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும். காகிதத்தில் ‘முகாம் தயார்’ என்று எழுதுவது எளிது. நள்ளிரவில் தோட்டத் தொழிலாளர்களின் ஒரு லயன் வீட்டு வரிசையைக் காலி செய்யச் சொல்லி, குழந்தைகளும் கிழவிகளுமாக நாற்பது ஐம்பது பேர் மழையில் நனைந்துகொண்டு பள்ளி வாசலில் நிற்கும்போது என்ன ஆகும்? பள்ளியின் சாவி தலைமை ஆசிரியரிடம். அவர் குடியிருப்பது வேறு ஊர். சமையல் பாத்திரங்களும் அடுப்பும் சத்துணவு அமைப்பாளர் பொறுப்பில். அரிசி ரேஷன் கடையில், கடையின் சாவி விற்பனையாளரிடம். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். போர்வைக்கு வி.ஏ.ஓ. அலைய வேண்டும். மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடும் பஞ்சாயத்துப் பணியாளரும் இந்தச் சங்கிலியில் ஒருவர்.

பள்ளிக் கல்வி, சமூக நலம், கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, மின்வாரியம், வருவாய் ஆகிய எல்லாரும் இங்கே சேர வேண்டும். இவர்களில் பலர் தங்களைப் பேரிடர் மேலாண்மைக்காரர்களாக நினைப்பதே இல்லை. ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு அழைப்பு போகும்போது போலீஸும் தீயணைப்பும் முன்வரிசையில் இருப்பார்கள். சத்துணவு அமைப்பாளரை யாரும் கூப்பிடமாட்டார்கள். முகாம் வெற்றியா தோல்வியா என்பதை மறுநாள் காலை முடிவு செய்வது அவர் கொதிக்க வைக்கும் உலைதான்.

மக்கள் வீட்டை விட்டு வர மறுப்பதும் இதோடு சேர்ந்தது. மாடு, ஆடு, பூட்ட முடியாத கதவு, போன தடவை முகாமில் பட்ட பாடு என்று காரணங்கள் இருக்கின்றன. போலீஸ் போய் அதட்டினால் வராதவர்கள், ஊர்த் தலைவரோ, ஆஷா பணியாளரோ, தோட்டத்து மேஸ்திரியோ வந்து ‘வாங்க, நானும் வரேன்’ என்றால் கிளம்பிவிடுவார்கள். இந்த அறிவு எந்தத் துறையின் கையேட்டிலும் இல்லை.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது

துறைகளுக்கு இடையிலான ஒத்துழைப்பில் நீலகிரி நாட்டுக்கே முன்னோடியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அது நிலச்சரிவு முன்னறிவிப்பு. இந்திய நிலவியல் ஆய்வு மையம் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு மையத்துடன் சேர்ந்து ‘லேண்ட்ஸ்லிப்’ என்ற திட்டத்தை நடத்தியபோது, சோதனைக்களமாக எடுத்துக்கொண்டவை மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் பகுதியும் தமிழ்நாட்டில் நீலகிரியும். எவ்வளவு மழைக்கு எந்த வகைச் சரிவு கழலும் என்ற வரம்பைப் பழைய சரிவுகளிலிருந்து கணித்து, வானிலை முன்னறிவிப்போடு பொருத்தி, மாவட்ட நிர்வாகத்துக்கு அன்றாட அறிக்கை அனுப்புவதுதான் இதன் முறை. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டபோதும் முதல் மாவட்டங்களின் வரிசையில் நீலகிரி இருந்தது.

இதில் ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு இல்லாமல் நடக்காது. வானிலைத் துறைக்கு மண் தெரியாது, நிலவியல் துறைக்கு நாளைய மழை தெரியாது, இரண்டுக்கும் அந்தச் சரிவில் எத்தனை வீடு இருக்கிறது என்பது தெரியாது. அது வி.ஏ.ஓ.வுக்குத்தான் தெரியும். பழைய சரிவு எந்த நாளில், எந்த நேரத்தில் நடந்தது என்று சாலைப் பணியாளர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால்தான் வரம்பையே சரியாகக் கணக்கிட முடியும். தேதி இல்லாத சரிவு விஞ்ஞானிக்குப் பயன்படாது.

ஆனாலும் கடைசி மைலில் சிக்கல் இருக்கிறது. வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை, அதாவது ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்பது, மாவட்டம் முழுவதற்குமாக வருகிறது. தேவாலாவில் கொட்டும் நாளில் கோத்தகிரியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். ‘ரெட் அலர்ட்டுன்னாங்க, இங்க வெயில் அடிக்குது’ என்ற பேச்சை டீக்கடையில் எந்த ஆகஸ்டிலும் கேட்கலாம். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால், நான்காவது எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் ரேடியோ கோத்தகிரி போன்ற சமுதாய வானொலிகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. மாவட்டத்துக்கு வந்த எச்சரிக்கையை ஊருக்கு ஏற்றபடி பிரித்து, பழங்குடி மக்களின் மொழிகளிலும் படக மொழியிலும் சொல்வதற்கு அரசுத் துறையைவிட அவர்கள் பொருத்தமானவர்கள்.

2019: எவ்வளவு பெருமை நியாயம்?

2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் பதிவானது. 2009-இல் கேத்தியில் பெய்ததைவிட அதிகம். எமரால்டு, குந்தா பகுதிகளில் சரிவுகள், அறுந்த ரோடுகள், இருண்ட ஊர்கள். ஆனால் உயிரிழப்பு 2009-ஐவிட மிகவும் குறைவு. இந்த ஒப்பீட்டை வைத்து ‘பாருங்கள், ஒருங்கிணைப்பு ஜெயித்துவிட்டது’ என்று மேடையில் பேசுவது வழக்கமாகிவிட்டது.

அதில் பாதி உண்மை. முன்கூட்டியே பள்ளிகளை மூடியதும், தாழ்வான இடங்களிலிருந்து மக்களை நகர்த்தியதும் உயிர்களைக் காத்தன. மின்வாரியத்துக்கும் இதில் பெரிய பங்கு. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா என்று அந்தப் பக்கத்து அணைகள் எல்லாம் நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. எந்த மதகை எப்போது திறப்பது என்பதைக் கீழே உள்ளவர்களுக்கு நேரத்தில் சொல்லியாக வேண்டும். தண்ணீர் கடைசியில் பவானியில் இறங்கி, பில்லூர் அணை வழியாக மேட்டுப்பாளையத்தைத் தொடும்.

மீதிப் பாதி பூகோளம். அவலாஞ்சியைச் சுற்றிக் காடும் புல்வெளியும்தான் அதிகம். கேத்திப் பள்ளத்தாக்கோ வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் நெருக்கியடித்த இடம். 911 மில்லிமீட்டர் கேத்தியில் கொட்டியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். இதைச் சொல்லாமல் விடும் ஆய்வு அடுத்த நவம்பரில் நம்மையே ஏமாற்றும்.

2024 ஜூலை 30 வயநாட்டுச் சரிவும் இதே பாடத்தை எல்லைக்கு அப்பாலிருந்து காட்டியது. முண்டக்கை, சூரல்மலை பந்தலூர் எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. தமிழக அரசு 5 கோடி ரூபாயும் மீட்பு, மருத்துவக் குழுக்களும் அனுப்பியது. கூடலூரைச் சேர்ந்த ஒரு செவிலியர் ஆற்றின் மேல் கட்டிய கம்பியில் தொங்கியபடி அக்கரை போய்ச் சிகிச்சை அளித்தார். அரசு அவருக்கு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. தலைநகரங்கள் பேசிக்கொண்டது சரி. பந்தலூர் தாசில்தாரும் வைத்திரி தாசில்தாரும் சாதாரண நாளில் பேசிக்கொள்ள ஒரு நிலையான ஏற்பாடு இருந்தால் இன்னும் சரி.

வெயில் காலத்தில்

இந்த ஆய்வில் எனக்குக் கசப்பாகத் தெரிந்த இடம் இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே வாட்ஸ்அப் குழுவில், ஒரே கட்டுப்பாட்டு அறை எண் 1077-இல் தோள் கொடுக்கும் துறைகள், ஜனவரி பிறந்ததும் அவரவர் கோப்புக்குத் திரும்பிவிடுகின்றன. சரிவை உண்டாக்கும் முடிவுகளோ எடுக்கப்படுவது அந்த மாதங்களில்தான். யார் எந்த மலையை எத்தனை அடி வெட்டலாம், எந்த ஓடையின் மேல் தடுப்புச்சுவர் எழுப்பலாம், ஜேசிபிக்கு எங்கே அனுமதி என்பவை எல்லாம் வெயில் கால வேலைகள்.

விதிகள் குறைவாக இல்லை. மலைப்பகுதிக் கட்டடங்களுக்குத் தனி விதி, 1990-இல் அமைந்த மலையிடப் பாதுகாப்பு ஆணையம், கனிமவளம், வேளாண் பொறியியல், வனம் எனத் தடையின்மைச் சான்றுகள், மண் அள்ளும் இயந்திரங்களுக்கு ஆட்சியர் அனுமதி என்று எல்லாம் இருக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றும் தனித்தனி மேசையில் தனித்தனி முத்திரை. மரம் விழுந்தால் ஆறு துறையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மனு வந்தால் அந்த இடத்துக்கு ஒன்றாகப் போவதில்லை.

2024 பிப்ரவரி 7 அன்று, மழையே இல்லாத நாளில், ஊட்டியை ஒட்டிய லவ்டேலில் வீடு கட்ட மண் தோண்டும் பணியின்போது பக்கத்துக் கட்டடம் இடிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். தீயணைப்பும் போலீஸும் 108-உம் விரைந்து வந்தன, மீட்பில் குறை சொல்ல ஏதுமில்லை. அதற்கு முன்னால் அந்தக் குழியை யார் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்குப் புதிய படையோ புதிய சட்டமோ வேண்டாம். 42 மண்டலக் குழுக்களும் ஜனவரியிலும் கலையாமல் இருக்கட்டும். மழைக்குப் பின் தங்கள் பகுதியின் சரிவுகளைக் குழுவாக நடந்து பார்த்து, தேதியும் நேரமும் எழுதி நிலவியல் துறைக்கு அனுப்பட்டும். கட்டட அனுமதி மனுக்களும் இயந்திர அனுமதிகளும் 283 இடங்களின் பட்டியலோடு ஒத்துப்பார்க்கப்பட்டு, மோதும் மனுக்களுக்கு மட்டும் கூட்டுத் தள ஆய்வு நடக்கட்டும். அலுவலர் மாற்றலாகிப் போகும்போது, குழுவின் தொலைபேசிப் பட்டியலும், எந்தப் பள்ளியின் சாவி யாரிடம் என்ற குறிப்பும் பொறுப்பு ஒப்படைப்பு ஆவணத்தில் சேரட்டும். இன்று அந்தக் குறிப்பு போகிறவரின் செல்போனோடு மலையிறங்கிவிடுகிறது.